ஞாயிறு காலை கூட ஓட்ட ஆள் வேண்டும்: ஒத்துப்போகும் சைக்கிள் துணையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பள்ளிக்கரணை
ஆகஸ்ட் 25, இரவு 9.10

வணக்கம் நண்பர்களே.

எனக்கு 43 வயது. பள்ளிக்கரணையில் வீடு. இரண்டு வருடமாக ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். வண்டி ஹைப்ரிட் (ரோட் பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் ஒரு வகை), 32 மி.மீ. டயர். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரையில் ஈசிஆரை (கிழக்குக் கடற்கரைச் சாலை) பிடித்து, முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவேன். போக வர 50 கிலோமீட்டர் பக்கம் வரும். போட்டி, பதக்கம் எதிலும் எனக்கு ஆசை இல்லை. பாலத்தில் நின்று வெளிச்சம் வருவதைப் பார்க்க வேண்டும், எட்டரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்பதரைக்கு மகளை வகுப்பில் விட வேண்டும்.

தனியாக ஓட்டுவதில் வீட்டில் எல்லோருக்கும் பயம். இருட்டில் நாய்கள், ஓரத்து மணல், விடியற்காலையில் கோவளம் பக்கமிருந்து பறந்து வரும் கார்கள். பயம் நியாயம்தான். அதனால் துணை தேடினேன்.

முதலில் ஒரு குழுவோடு மூன்று வாரம் போனேன். அறிவிப்பில் வேகம் 25 என்று இருந்தது. அக்கரை தாண்டியதும் முன்னால் போனவர்கள் 32-க்குப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் கானாத்தூர் அருகே எனக்குப் பஞ்சர். ட்யூப் மாற்றி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் பின்னால் இல்லை என்பதே அவர்களுக்குக் கோவளத்தில்தான் தெரிந்திருக்கிறது.

அடுத்து அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். தங்கமான மனிதர்கள். ஆனால் ஐந்தே காலுக்கு என்றால் ஆறே காலுக்கு வருவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்க நிறுத்துவார்கள். எட்டு மணி வெயிலில் நான் இன்னும் உத்தண்டியில் இருப்பேன், மனமெல்லாம் வீட்டில் இருக்கும்.

இரண்டு தரப்பு மேலும் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு இரண்டு மூன்று பேர் போதும், ஆனால் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் உங்கள் ஆட்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதலில் என்ன கேட்க வேண்டும்?

---

அடையாறு ஆறுமணி
ஆகஸ்ட் 25, இரவு 9.48

டபிள்யூசிசிஜி (சென்னை சைக்கிள் ஓட்டிகளின் குழு) மாதிரி பெரிய குழுவில் உங்கள் பகுதிப் பிரிவைத் தேடிப் பாருங்கள். பகுதிவாரியாக இருப்பதால் அக்கம்பக்கத்து ஆட்களே வருவார்கள். ஒரு குழு சரிவரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நான்கைந்து ஞாயிறு போனால், உங்களைப் போலவே பின்னால் வருகிறவர்கள் யாரென்று தெரிந்துவிடும். என் துணை அப்படித்தான் கிடைத்தார். இருவரும் எப்போதும் கடைசி.

---

முப்பது பிளஸ்
ஆகஸ்ட் 25, இரவு 10.30

பஞ்சர் ஆன மனிதரை விட்டுவிட்டுப் போனது தவறு. அதில் இரண்டு கருத்து இல்லை. வேகமாக ஓட்டும் கூட்டத்தில் நானும் இருப்பவன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 25 என்பது 32 ஆவது எப்படி என்று சொல்கிறேன், யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. சமதரையில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, முப்படியில் கூடுகிறது. 25-லிருந்து 30-க்குப் போனால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு, காற்றுக்காகச் செலவாகும் சக்தியோ 1.7 மடங்கு. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் அந்த உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். அதனால் கூட்டத்துக்குள் இருப்பவனுக்கு 32 சுகமாக இருக்கும், தான் வேகமாகப் போகிறோம் என்றே தெரியாது. ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஐந்து மீட்டர் இடைவெளி விட்டவனுக்கு மட்டும் முழுக் காற்றும் நெஞ்சில் விழும். அந்த இடைவெளியை அவனால் மூடவே முடியாது. இடைவெளி ஐம்பதாகும், நூறாகும். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் மறைந்துவிடுவான்.

ஹைப்ரிட்டில் நிமிர்ந்து உட்கார்வதால் உங்களுக்குக் காற்று இன்னும் கூடுதலாகவே அடிக்கும். உங்கள் கால் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: கடைசியில் ஸ்வீப்பாக, அதாவது யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, யார் வருகிறார்? அந்த இடத்துக்கு ஒரு ஆளின் பெயர் இல்லையென்றால், யாரையும் விட்டுவிடாமல் போகும் ரைடு என்று அறிவித்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

---

பள்ளிக்கரணை
ஆகஸ்ட் 26, காலை 7.05

@முப்பது பிளஸ், நன்றி சார். ஐந்து மீட்டர் இடைவெளி பற்றி நீங்கள் சொன்னதுதான் நடந்தது. உடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஸ்வீப் கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.

---

காற்றெதிர்
ஆகஸ்ட் 26, மதியம் 1.20

எல்லோரும் வேகத்தைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறோம். ஒரு கணக்குப் போடுங்கள். 50 கிலோமீட்டரை 25-ல் ஓட்டினால் இரண்டு மணி நேரம். 22-ல் ஓட்டினால் இரண்டு மணி பதினாறு நிமிடம். வித்தியாசம் பதினாறே நிமிடம்! ஒரே ஒரு டீக்கடை நிறுத்தத்தில் அது போய்விடும். அலுவலக நண்பர்கள் உங்கள் நேரத்தைத் தின்றது பெடலில் இல்லை. தாமதமாகக் கிளம்பியதிலும் நிறுத்தங்களிலும்தான்.

நான் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். என் அனுபவத்தில் ஜோடி பிரிவதெல்லாம் மூன்று இடத்தில். கிளம்பும் நேரம், நிற்கும் இடம், திரும்பும் நேரம். ஒருவருக்கு ரைடு என்றால் கடைசியில் வரும் பொங்கலும் வடையும் அரை மணி நேரப் பேச்சும். இன்னொருவருக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினால்தான் ரைடு முடிந்தது. இரண்டும் சரிதான், ஆனால் இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினால் ஒருவர் இட்லியை விழுங்கிக்கொண்டிருப்பார், மற்றவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. "எவ்வளவு ஆவரேஜ் வைப்பீர்கள்?" என்று மட்டும்தான் கேட்கிறோம்.

அந்த ஆவரேஜிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்ட்ராவா செயலி காட்டும் சராசரி நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் வரும். அப்படியும், சிக்னலில் நின்று கிளம்புவது, திருப்பம் எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுக்கும். சராசரி 25 வர வேண்டும் என்றால் நேர் சாலையில் 28, 29 ஓட்ட வேண்டியிருக்கும். ஒருவர் சொல்லும் 25 அவருடைய சராசரி, நீங்கள் கேட்ட 25 மீட்டரில் தெரியும் வேகம். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஒத்துவராது. "நேர் ரோட்டில் காற்றில்லாதபோது மீட்டரில் எவ்வளவு காட்டும்?" என்று கேளுங்கள்.

---

முப்பது பிளஸ்
ஆகஸ்ட் 26, இரவு 8.15

@காற்றெதிர், உங்கள் நிறுத்தக் கணக்கு சரி. ஆனால் வேகமே பொருட்டில்லை என்பதை ஏற்க மாட்டேன். தன் இயல்பு வேகத்தைவிட ஐந்தாறு கிலோமீட்டர் குறைத்து மூன்று மணி நேரம் ஓட்டுவது சிரமம். முன்னால் போய் நிற்பது, திரும்பி வருவது, மறுபடி போவது என்று இருப்பவர் நான்காவது வாரம் வர மாட்டார். பின்னால் வருபவருக்கோ, நமக்காக ஒருவர் காத்திருக்கிறாரே என்ற உறுத்தல், அதனால் சக்திக்கு மீறி மிதிப்பார். இரண்டு மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். பலசாலி முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டு, மற்றவர் பின்னால் ஒட்டி வந்தால் இருவர் உழைப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் போனால் நட்பாக இருந்துகொண்டு தனித்தனியாக ஓட்டுவதே நல்லது.

---

காற்றெதிர்
ஆகஸ்ட் 26, இரவு 8.40

சரி, இரண்டு மூன்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு மீட்டரைவிடப் பேச்சு நம்பகமானது. ஓட்டிக்கொண்டே இருவராலும் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் இருவருக்குமான வேகம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தால், அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். குறைத்துவிடுங்கள்.

---

தாம்பரம் கிழக்கு
ஆகஸ்ட் 27, காலை 6.50

ஒரு பெண்ணாக என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

நான் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் ஓட்டுகிறேன். தொடங்கிய காலத்தில் எனக்குத் துணை என்றால் பாதுகாப்புதான் முதல் அர்த்தம். முன்பின் தெரியாத ஒருவரை விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுத் தெருவுக்கு வரச் சொல்ல முடியாது. அதனால் முதல் சந்திப்பு எப்போதும் பலபேர் வரும் ரைடில், வெளிச்சம் வந்த பிறகு. வீட்டு முகவரி சொல்வதில்லை. போனில் நான் இருக்கும் இடத்தை என் தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள், அதைக் கூட வருபவரிடமும் சொல்லிவிடுவேன். அது பிடிக்காதவர் எனக்குத் துணை இல்லை. அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, சிலர் கூட ஓட்ட வருவதில்லை, கற்றுக்கொடுக்க வருகிறார்கள். சீட்டை ஏற்று, கியரைக் குறை, முழங்கையை மடக்கு என்று நான் கேட்காமலேயே முப்பது கிலோமீட்டரும் பாடம் நடக்கும். அக்கறைதான் என்று தெரியும். ஆனாலும் அலுத்துவிட்டது.

கடைசியில் எனக்குத் துணை கிடைத்தது எந்தக் குழுவிலும் இல்லை. எங்கள் குடியிருப்பிலேயே இரண்டாவது மாடி அக்கா. பள்ளி ஆசிரியை, கல்லூரி நாளில் சைக்கிள் ஓட்டியவர். என்னைத் தினமும் ஹெல்மெட்டோடு பார்த்து ஒருநாள் "நானும் வரட்டுமா?" என்றார். முதல் மாதம் 12 கிலோமீட்டர்தான். எனக்கு அது வார்ம் அப் தூரம். இருந்தாலும் வாரம் ஒரு நாள் அவருக்காக அந்த 12-ஐ ஓட்டினேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது கோவளம் வரை சேர்ந்தே போய் வருகிறோம். போன மாதம் எதிர்காற்றில் அவர்தான் எனக்கு முன்னால் போய் மறைப்புக் கொடுத்தார்.

நன்றாக ஓட்டுகிற ஆளைத் தேடுவதைவிட, பக்கத்தில் இருக்கிற ஆளோடு சேர்ந்து வளர்வது எனக்கு எளிதாக இருந்தது. ஐந்து மணிக்குச் சந்திக்க வேண்டுமென்றால் வீடு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் அண்ணா. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்து வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஏதாவது ஒரு வாரம் தாமதமாகத்தான் வருவார்.

---

அடையாறு ஆறுமணி
ஆகஸ்ட் 27, காலை 9.30

@தாம்பரம் கிழக்கு, அந்த 12 கிலோமீட்டர் மாதத்துக்கு உங்களுக்கு வணக்கம். பலபேர் செய்ய மாட்டார்கள்.

---

சிங்கை சக்கரம்
ஆகஸ்ட் 28, இரவு 11.00

சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2022 ஜனவரி முதல் சாலையில் ஒரு குழுவின் நீளத்துக்குச் சட்டமே எல்லை போட்டுவிட்டது. வரிசையாகப் போனால் ஐந்து சைக்கிள், இரண்டிரண்டாக அருகருகே போக அனுமதி உள்ள சாலையில் பத்து. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளி விடும்படி அறிவுறுத்துகிறார்கள். அது வந்தபோது எங்கள் கூட்டம் முனகியது, இருபது பேர் சேர்ந்து சாங்கி கடற்கரைச் சாலையில் போய்ப் பழகியவர்கள் நாங்கள்.

இப்போது யோசித்தால் எனக்கு நல்ல துணை கிடைத்ததே அதற்குப் பிறகுதான். இருபது பேரில் யார் யாரோடு ஓட்டுகிறார்கள் என்றே தெரியாது. ஐந்து பேர் என்றதும் ஒவ்வொரு ஞாயிறும் "நீ எந்த ஐந்தில்?" என்ற கேள்வி வந்தது. வேகத்துக்கு ஒரு ஐவர், காப்பிக்கு ஒரு ஐவர், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைக்காரர்கள் ஒரு ஐவர் என்று தானாகப் பிரிந்துவிட்டது. நான் மூன்றாவது. உங்கள் ஊர்க் குழுவிலும் "எட்டரைக்குள் வீடு" என்று வெளிப்படையாகக் கேட்டுப் பாருங்கள். கை தூக்க ஆள் இருக்கும், யாரும் முதலில் சொல்லத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

---

மருதமலை அடிவாரம்
ஆகஸ்ட் 29, மாலை 6.10

கோவைக்காரன் பேசுகிறேன். மலையில் இந்த விதியெல்லாம் மாறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது யார் பின்னால் ஒட்டினாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. வேகம் பத்துக்குக் கீழே, அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை, எடையும் மூச்சும்தான். அடுத்தவர் தாளத்துக்கு ஏறினால் இருவருக்கும் கால் செத்துவிடும். அதனால் நாங்கள் அடிவாரத்தில் பிரிந்து, சொல்லிவைத்த ஒரு டீக்கடையில் சேருவோம். மலையில் நல்ல துணை என்றால் மேலே நமக்காகக் குளிரில் முகம் சுளிக்காமல் நிற்பவர்.

நான் பிரெவே ரைடுகளும் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) ஓட்டியிருக்கிறேன். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது மணி நேரம். கணக்குப் பார்த்தால் நின்ற நேரமும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் கிட்டத்தான். 22 ஓட்டுபவர் சுலபமாக முடிக்கலாம், 28 ஓட்டிவிட்டு ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணி உட்காருபவர் கடைசியில் திணறுவார். @காற்றெதிர் சொன்ன நிறுத்தக் கணக்கை நான் அங்கேதான் கற்றேன். அப்புறம் இன்னொன்றும் அங்கே தெரியும். எட்டாவது மணி நேரத்தில் மனிதர்கள் வேறு. காலையில் கலகலப்பாக இருந்தவர் கடுகடுவென்று ஆவார், காலையில் வாயே திறக்காதவர் தன் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டுவார். எனவே ஒரு ஆளை இரண்டு மணி நேர ரைடு வைத்து முடிவு செய்யாதீர்கள். களைத்தபோது எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

---

ஓய்வூதியன்
ஆகஸ்ட் 30, காலை 5.40

எனக்கு 66 வயது. சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன். மருத்துவர் ஆலோசனையோடுதான் ஓட்டுகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடம் ஒரே நண்பரோடு ஓட்டினேன். என்னைவிட இருபது வயது சிறியவர். முதல் நாளே அவரிடம் சொன்னேன்: "தம்பி, எனக்குச் சர்க்கரை இறங்கினால் முதலில் பேச்சு குழறும், வியர்க்கும், கோபம் வரும். அப்போது நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன், நம்பாதே. சட்டையின் பின் பையில் குளுக்கோஸ் இருக்கிறது." அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாவது வருடம் ஒரு நாள் கோவளம் தாண்டித் திரும்பி வரும்போது அவர் என் பக்கத்தில் வந்து "சார், உங்கள் பேரன் பெயர் என்ன?" என்றார். எனக்கு எரிச்சல். பெயர் வாயில் வரவில்லை. அடுத்த நிமிடம் என் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, பின் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துவிட்டார். பதினைந்து நிமிடம் மரத்தடியில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு எங்கோ போக வேண்டியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது நான் காலனிக்குள்ளேயே ஓட்டுகிறேன்.

பள்ளிக்கரணை நண்பரே, கூட வருபவரிடம் உங்கள் உடம்பைப் பற்றி ஒளிக்காதீர்கள். இதயம், சர்க்கரை, வலிப்பு, எது இருந்தாலும். சட்டைப் பையில் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். அதைச் சொன்னதும் முகம் மாறுபவரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

---

முப்பது பிளஸ்
ஆகஸ்ட் 30, காலை 8.00

ஐயா, இதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இந்த வாரத்திலிருந்து கடைசியில் வரும் ஆளின் பெயரை முந்தைய இரவே அறிவிக்கிறோம். முதல் பெயர் என்னுடையது.

---

பள்ளிக்கரணை
ஆகஸ்ட் 31, இரவு 10.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஓய்வூதியன் ஐயா எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

நான் இதுவரை தேடிய விதமே தவறு. "ஹைப்ரிட், 23 ஆவரேஜ், ஈசிஆர், ஆள் தேவை" என்றுதான் எங்கும் எழுதியிருந்தேன். இப்போது வேறு மாதிரி எழுதி எங்கள் பகுதிக் குழுவில் போட்டிருக்கிறேன். இங்கேயும் போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

"ஞாயிறு காலை 5.10-க்கு மேடவாக்கம் கூட்டுரோட்டில் நிற்பேன். 5.15 வரை காத்திருப்பேன். முட்டுக்காடு வரை போய் 8.15-க்குள் திரும்ப வேண்டும். நேர் சாலையில் மீட்டரில் 24, 25 காட்டும். பாலத்தில் பத்து நிமிடம் நிற்பேன், டீ ஒன்று. டிபன் வீட்டில்தான். யாருக்குப் பஞ்சர் ஆனாலும் எல்லோரும் நிற்போம். பின்னால் ஒட்டி வருவதாக இருந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு அவசியம். இரண்டு பேர் வந்தால் போதும்."

---

காற்றெதிர்
ஆகஸ்ட் 31, இரவு 10.40

நன்றாக இருக்கிறது. பின்னால் ஒட்டுவது பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். புதியவர்களிடம் சொல்லுங்கள், முன் வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தங்கள் முன் சக்கரம் ஒருபோதும் நுழையக் கூடாது. முன்னவர் லேசாக விலகினால் சக்கரங்கள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். முன்னால் போகிறவர் குழி, மணல், ஸ்பீட் பிரேக்கர் எதையும் கையால் காட்டி வாயாலும் கத்த வேண்டும். திடீர் பிரேக் கூடாது. இதை யார் தானாகச் செய்கிறார் என்று முதல் பத்து கிலோமீட்டரிலேயே பார்க்கலாம். நான் ஆளை எடை போடுவது அதை வைத்துத்தான்.

---

ஏரிக்கரை
செப்டம்பர் 2, காலை 7.30

பெரும்பாக்கத்தில் இருக்கிறேன். உங்கள் அறிவிப்பைக் குழுவில் பார்த்து இங்கே வந்தேன். நேரம், தூரம், வேகம் மூன்றும் எனக்குச் சரி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பறவை பார்ப்பவன். பெரும்பாக்கம் ஏரியைக் கடக்கும்போது வெளிச்சம் இருந்தால் ஐந்து நிமிடம் நிற்பேன், அது என்னால் விட முடியாது. போகும்போது இருட்டாக இருக்கும், திரும்பும்போதுதான். உங்களுக்குச் சம்மதமா?

---

பள்ளிக்கரணை
செப்டம்பர் 2, காலை 7.42

முழுச் சம்மதம். 8.15-ல் அந்த ஐந்து நிமிடம் அடங்கினால் போதும்.

---

பள்ளிக்கரணை
செப்டம்பர் 22, மதியம் 12.10

மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார், அவருக்கு மாமல்லபுரம் வரை போக வேண்டும், எனக்கு நேரமில்லை. நல்லபடியாகவே சொல்லிக்கொண்டார். இன்னொருவர் 5.15 தாண்டி இரண்டு முறை வந்தார். முதல் முறை காத்திருந்தோம். இரண்டாம் முறை கிளம்பிவிட்டோம், மனது கேட்கவே இல்லை. அக்கரையில் வந்து பிடித்துவிட்டார், மூச்சு வாங்க. "இனி 5.05-க்கு நிற்பேன்" என்றார். நேற்றிரவு அலாரம் வைத்த படம் அனுப்பினார், இன்று 5.04-க்கு நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆக இப்போது மூன்று பேர். நான், ஏரிக்கரை, 5.04-க்கு வந்த தம்பி. தம்பியிடம் ரோட் பைக், எங்களைவிட வலு. தென்மேற்குக் காற்று இருந்ததால் போகும்போது அவர் முன்னால் நிற்கிறார். முதல் நாள் அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பேச்சுச் சோதனையைச் சொன்னேன். இப்போது முன்னாலிருந்தே கேள்வி கேட்கிறார், பதில் வராவிட்டால் ஒரு கியர் இறக்குகிறார்.

ஏரிக்கரைக்காக நிற்கும் ஐந்து நிமிடத்தில் எனக்கு இதுவரை தெரியாத ஏழு பறவைகளின் பெயர் தெரிந்திருக்கிறது. அந்தச் சாலையில் இரண்டு வருடம் போயிருக்கிறேன், ஒரு நாளும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

---

மருதமலை அடிவாரம்
செப்டம்பர் 22, இரவு 7.00

அருமை. காற்று திரும்பட்டும், அப்புறம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று. போகும்போது தள்ளிவிடும், எல்லோரும் சிங்கம் மாதிரி ஓட்டுவார்கள். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். களைத்த காலோடு எதிர்காற்று, அதுவும் வீட்டுக்குப் போகும் அவசரத்தோடு. அன்று தெரியும்.

---

பள்ளிக்கரணை
நவம்பர் 17, மதியம் 1.30

அந்த நாள் இன்றுதான்.

போகும்போது மீட்டரில் 29. யாரும் மிதித்த மாதிரியே இல்லை. முட்டுக்காட்டில் மேகம், வெளிச்சம் வரவே தாமதமானது. 6.50-க்குத் திரும்பினோம். பாலத்தைத் தாண்டியதும் காற்று அப்படியே கையை வைத்துத் தள்ளியது. 17, 18-க்கு மேல் ஏறவில்லை. தூறலும் சேர்ந்துகொண்டது.

முதலில் தம்பி முன்னால். இரண்டு கிலோமீட்டர் போனதும் நான். அடுத்து ஏரிக்கரை. யாரும் பேசவில்லை, மாறிக்கொண்டே வந்தோம். பனையூர் அருகே எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நான் எதுவும் சொல்லவில்லை. ஏரிக்கரை பின்னால் இருந்து "ஆள் குறையுது!" என்று கத்தினார். தம்பி உடனே வேகத்தைக் குறைத்தார். ஓரமாக நின்று உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்தேன். மணி 7.40. வீட்டுக்குப் போன் செய்து அரை மணி தாமதமாகும், மகளை நீ விட்டுவிடு என்று மனைவியிடம் சொன்னேன். அதற்குள் தம்பி, "அண்ணா, நான் முன்னால் போய் வண்டியை எடுத்துப் பாப்பாவை வகுப்பில் விட்டுவிடவா?" என்று கேட்டார். தேவைப்படவில்லை. ஆனால் கேட்டார்.

8.55-க்கு வீடு. இன்று ஏரியில் நிற்க வேண்டாம், நேராகப் போவோம் என்று ஏரிக்கரையே சொன்னார். நான்தான் நிறுத்தினேன். நூற்றுக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. பூநாரை நான்கு. எங்கள் மூவர் மேலும் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

ஓய்வூதியன் ஐயா, நீங்கள் இருப்பது மடிப்பாக்கம் என்று வேறோர் இழையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எங்களுக்கு நான்காவது இடம் காலியாக இருக்கிறது. முட்டுக்காடு வேண்டாம், சோழிங்கநல்லூர் வரை வந்தால்கூடப் போதும். குளுக்கோஸ் எந்தப் பையில் என்று மட்டும் மூவரிடமும் சொல்லிவிடுங்கள்.

---

ஓய்வூதியன்
நவம்பர் 18, காலை 5.15

சட்டையின் பின்புறம், வலது பை. பின் விளக்குக்கு பேட்டரி மாற்ற வேண்டும், இன்று மாலை வாங்கிவிடுகிறேன். கூட்டுரோட்டில் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

---

பள்ளிக்கரணை
நவம்பர் 18, காலை 5.20

சோழிங்கநல்லூர் போகும் சாலை முனையில், டீக்கடை விளக்கு எரியும் பக்கம் ஐயா. 5.10.